சும்மா நின்ற மோட்டார் சைக்கிள்

எமது வீட்டு விறாந்தையின் ஓரத்திலே, பழைய சாரமொன்றினாற் போர்த்தப்பட்டு, ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அண்ணன் கடல் கடந்து சென்றபோது அதனை எம்மிடம் ஒப்படைத்து, "கவனமாய்ப் பாத்துக் கொள்ளுங்கோ" என்று சொல்லிப் போனார். நாமும் கவனமாகவே பார்த்துக்கொண்டோம். கிழமைக்கொரு முறை தூசு தட்டினோம். கைபிடியையும் விளக்கின் வளையத்தையும் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். ஓட்டத்தான் இல்லை. பாடசாலைக்குச் சைக்கிள் இருந்தது. பட்டணத்திற்குப் பஸ் இருந்தது. ஓடாத பொருள் தேயாது என்பது எமது எண்ணம்.

சென்ற ஆண்டு மார்கழி மழையில், ஓர் இரவு ஒரு மணியளவில் அம்மாவுக்கு முட்டுத் தொடங்கிற்று. வைத்தியசாலை மூன்று கட்டைக்கு அப்பால் உள்ளது. சாரத்தை உருவி எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளை முற்றத்துக்கு இறக்கினோம். தாங்கியிற் பாதிக்கு மேல் பெற்றோல் இருந்தது. உதைத்தோம், உதைத்தோம், கால் சோர்ந்து மாறி மாறி உதைத்தோம். ஒருமுறை இருமினாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். அம்மாவோ கதிரையின் கைகளைப் பிடித்தபடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். கடைசியில் அயல் வீட்டு ஐயாவைத் தட்டி எழுப்பி, அவர் மகனுடைய ஓட்டோவிற் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மருந்துப் புகை பிடித்ததும் மூச்சு வழிக்கு வந்தது. விடியற்காலையில் வீடு திரும்பிய அம்மா, விறாந்தையிற் கால் வைத்ததும் சொன்ன முதற் சொல் இதுதான்: "அந்தச் சாமானைத் துடைச்சது போதும் பிள்ளையள். ஓடிப் பாருங்கோ."

மறுநாள் மாலை, சந்தியிலே கராஜ் வைத்திருக்கும் அண்ணையை அழைத்து வந்தோம். அவர் பிளக்கைக் கழற்றுவார், வயர்களைச் சோதிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பின்னர் எம்மையும் மணக்கச் சொன்னார். பெற்றோலுக்குரிய அந்தக் கூரிய வாசனை இல்லை. புளித்த ஒரு கசப்பு நாற்றமே வந்தது. "தம்பி, இது பெற்றோல் இல்லை. வார்னிஷ்," என்றார்.

அன்று அவரிடம் கற்றவற்றையும், பின்னர் நாமாக வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் இங்கு எழுதுகின்றோம். எம்மைப்போல வெளிநாடு சென்ற பிள்ளையின் வண்டியைக் காவல் காக்கும் குடும்பங்கள் இந்நாட்டிற் பல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆகையால் இருந்த பழைய வண்டியைப் பேணுவது எத்துணை முக்கியமென்பதைச் சொல்லத் தேவையில்லை.

காபரேற்றர் என்பது எஞ்சினுக்குச் சமையற்காரன். காற்றையும் பெற்றோலையும் அளவறிந்து கலந்து கொடுப்பது அதன் தொழில். நிறையின்படி பார்த்தால் பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு வேண்டும். இதனைச் செய்ய அதற்கு மூளையும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒடுங்கிய குழாயினூடாகக் காற்று விரையும்போது அவ்விடத்தில் அமுக்கம் குறையும் என்ற ஒரே உண்மையை வைத்துக்கொண்டு அது வேலை செய்கின்றது. வெந்தூரி என்ற இத்தாலியப் பௌதிக அறிஞர் 1797இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து அவ்வொடுங்கிய குழாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பௌதிகம் கற்கும் மாணவர், பரீட்சைக்கு நெட்டுருப் பண்ணும் இவ்விதியைத் தம் வீட்டு முற்றத்திலேயே காணலாம். பெற்றோலை நுண் துளைவழியே காற்றிற் பீய்ச்சும் காபரேற்றரை ஜெர்மனியில் மேபாக் என்பவரும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்ற இருவரும் 1893ஆம் ஆண்டளவில் அமைத்தனர். அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. இப்பொழுது வரும் புது வண்டிகளிற் பல மின்னணு முறையிற் பெற்றோலைப் பீய்ச்சுவன. அவற்றுக்கு இக்கட்டுரை பொருந்தாது.

காபரேற்றரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதற்குள் ஒரு மிதவை. பெற்றோல் நிரம்ப மிதவை எழும்பி ஊசி வால்வை மூடும். குறைய, இறங்கித் திறக்கும். இந்தக் கிண்ணத்திலிருந்தே ஜெற் எனப்படும் பித்தளைத் துளைகள் வழியாகப் பெற்றோல் மேலே உறிஞ்சப்படுகின்றது. வேகமாக ஓடும்போது பெரிய மெயின் ஜெற்றும், ஸ்ராட் பண்ணும்போதும் மெதுவாக நின்றோடும்போதும் சிறிய பைலட் ஜெற்றும் வேலை செய்யும். சிறு மோட்டார் சைக்கிளின் பைலட் ஜெற்றினுடைய துளை எவ்வளவு பெரிதென்று நினைக்கின்றீர்கள்? ஏறத்தாழ 0.35 முதல் 0.4 மில்லிமீற்றர். ஐந்தாறு தலைமயிரை அருகருகே வைத்தால் அத்துளை அடைபட்டுவிடும். எமது அம்மாவின் அந்த இரவு இத்துளையிலேதான் தங்கியிருந்தது.

இனிப் பெற்றோலின் கதை. பெற்றோல் தனிப் பொருளன்று. பற்பல ஐதரோகாபன்களின் கலவை. சில, 35 பாகை செல்சியஸ் அளவிலேயே ஆவியாகிவிடும். சில 200 பாகை வரை தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த எஞ்சின் முதல் உதையிலேயே தீப்பற்றுவதற்கு உதவுவன அந்த இலேசான பொருள்களே. மிதவைக் கிண்ணமோ முற்றாக மூடப்பட்டதன்று. வெளிக் காற்றோடு தொடர்புடைய சிறு வழி அதற்கு உண்டு. வண்டி சும்மா நிற்கும்போது முதலில் ஓடிப்போவன அவ்விலேசான பொருள்கள். எஞ்சியவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாக மாறுகின்றன. எமது நாட்டு வெப்பத்தில், தகரக் கூரையின் கீழ், இது இன்னும் விரைவாக நடைபெறும். கிண்ணத்திற் சில தேக்கரண்டி பெற்றோலே இருப்பதால், தாங்கியிலுள்ளது ஓரளவு நன்றாய் இருக்கும்போதே கிண்ணத்திலுள்ளது கெட்டுப்போகும். ஒரு மாதம் கவலையில்லை எனலாம். இரண்டு மூன்று மாதமாயிற் சந்தேகம். எமது வண்டி நின்றதோ பதினான்கு மாதம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் எம்மவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கு பெற்றோலில் எதனோல் என்னும் மதுசாரத்தைக் கலக்கின்றனர். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரணப் பெற்றோலிலேயே பத்து வீதம் வரை அது கலந்துள்ளது. மதுசாரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து பிரிந்து தாங்கியின் அடியிற் படியும். அங்குள்ள பண்ணைகளிலே குவாட் பைக் என்னும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்கள் ஆட்டு மந்தையின் பின்னே ஓடுகின்றன. பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் நின்று, வசந்தத்தில் உதைக்கும்போது அவையும் எமது வண்டியைப் போலவே இருமுகின்றன. சக்கரம் நான்கானாலும் காபரேற்றர் ஒன்றுதானே!

அண்ணை வேலையைத் தொடங்கினார். வண்டியை மர நிழலில், திறந்த வெளிக்கு உருட்டுவித்தார். அடுப்படியிற் புகைந்த நெருப்பைத் தணிக்கச் சொன்னார். பற்றறியின் வயரைக் கழற்றினார். தாங்கியின் குழாயை மூடினார். பின்பு கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்தார். நல்ல பெற்றோலாயின் தெளிவாகச் சொரியும். எமதில் தேயிலைச் சாயம்போல் மூன்று நான்கு துளி விழுந்து நின்றுவிட்டது. தாங்கியிலிருந்து வடித்ததை மற்றொரு போத்தலில் விட்டு வெயிலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அடியில் முத்துப்போல நீர்த்துளிகள் உருண்டன. பெற்றோல் நீரிலும் இலேசானது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் தாங்கிக்குள் நீர் இருக்குமென நாம் நினைத்ததே இல்லை. பாதி வெறுமையான தாங்கியிற் பகலும் இரவும் காற்று விரிந்து சுருங்க, அதனோடு வரும் ஈரம் உட்சுவரிற் பனிக்கும். அந்த நீர்தான் துருவையும் உண்டாக்குகின்றது.

காபரேற்றரைக் கழற்றுமுன் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் குறித்துக்கொண்டோம். பக்கத்திலுள்ள சிறு சரிப்படுத்தும் திருகாணியை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகின்றதென எண்ணினார்: ஒன்றே முக்கால். "எழுதி வையுங்கோ தம்பி. இல்லாட்டில் பிறகு என்னைத் தேடித் திரிய வேணும்." அதன்பின்னரே அதனை முற்றாகக் கழற்றினார். கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் பச்சையும் மஞ்சளுமான ஒரு படிவு, காய்ந்த பலாப்பாலைப் போல. மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்; உள்ளே பெற்றோல் குலுங்கினால் அது ஓட்டை. எமது மிதவை நலம். பைலட் ஜெற்றை வெளியே எடுத்து வானத்தை நோக்கிப் பிடித்தார். நாமும் பார்த்தோம். இருள்.

இவ்விடத்திலேதான் பலர் பிழை விடுகின்றனர். கையிற் கிடைத்த ஊசியையோ உருக்குக் கம்பியையோ எடுத்துத் துளையிற் குத்துவர். பித்தளை மென்மையான உலோகம். குத்தினால் துளை பெருக்கும், அளவு கெடும், அதன்பின் வண்டி பெற்றோலைக் குடித்துக்கொண்டே கரும்புகை கக்கும். அண்ணை முதலில் ஜெற்றைக் காபரேற்றர் துப்புரவாக்கும் திரவத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்தார். பின்னர் மின்வயரின் உள்ளிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையினால் மெதுவாக வழிவிட்டு, காற்றுப் பம்பியினால் ஊதினார். மீண்டும் வானத்தை நோக்கிப் பிடித்தபோது, உள்ளே ஒரு வெள்ளி நட்சத்திரம்போல வட்டமான ஒளிப்புள்ளி தெரிந்தது. வட்டம் குறைவின்றித் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் வேலை முடியவில்லை. மெயின் ஜெற்றையும், உடலிலுள்ள நுண்வழிகள் ஒவ்வொன்றையும் இவ்வாறே பார்த்தார். இறப்பர் வளையங்களை மட்டும் அத்திரவத்திற் படவிடவில்லை. பட்டால் அவை ஊதிப்போகும். வால்வும் மிதவையும் உள்ளே இருக்கும்போது பலத்த காற்றால் ஊதக்கூடாதென்றும் சொன்னார்.

ஜப்பானிய வண்டிகளின் திருகாணிகளுக்கு வாய் பொருந்தாத ஸ்குரூ டிறைவரைப் போட்டுத் தலையை மழுங்கச் செய்வது வேறொரு வழமையான குற்றம். மழுங்கிய திருகாணியை எடுக்கப் போகும் நேரத்தில் மூன்று காபரேற்றரைத் துப்புரவாக்கிவிடலாம் என்பது அண்ணையின் கணக்கு.

வேலை நடக்கும்போது அவர் பழைய நாட்களைப் பற்றிப் பேசினார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேயே கொதிக்கத் தொடங்கும்; குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. ஆகையால் சிறிய பிளாஸ்ரிக் போத்தலை அமுக்கிக் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். அந்தச் சில துளி பெற்றோல் பொன்னுக்குச் சமானம். அன்றைய பெடியன் ஒருவன் காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிப் பூட்டுவான் என்று சொல்லிச் சிரித்தார். நாம் அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயினும் ஜெற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

2022ஆம் ஆண்டையும் வாசகர் மறந்திரார். நாட்கணக்கில் வரிசை, ஜூலை முதல் கியூ.ஆர். அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். அப்பொழுது கிடைத்ததைக் கலன்களிலே சேர்த்து வைத்தவர் பலர். அடுப்படிக்கு அருகே பெற்றோற் கலனை வைப்பது எத்தகைய ஆபத்து என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பதோ அதனிலும் பொல்லாதது: தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது. குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஒரு மிடறு மூச்சுக்குழலுக்குட் போனாற் சுவாசப்பை வெந்துவிடும். எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எமது தாங்கியிலிருந்து வடித்த பழைய பெற்றோலை என்ன செய்வதென்று கேட்டோம். வேலியோரம் ஊற்றிவிடலாமே என எமது தம்பி சொன்னான். அண்ணை கிணற்றைக் காட்டினார். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போக நெடுநாள் வேண்டாம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென 2014, 2015 ஆண்டுகளில் எழுந்த துயரத்தை இங்குள்ளவர் அறிவர். மண்ணெண்ணெயோடு கலந்து குப்பி விளக்கிலோ அடுப்பிலோ எரிப்பது இன்னும் கேடு, அது வெடிக்கும். அவர் அதனைக் கராஜுக்கு எடுத்துச் சென்று, துருப்பிடித்த உதிரிப் பாகங்களைக் கழுவப் பயன்படுத்தினார்.

எல்லாவற்றையும் பூட்டி, திருகாணியை ஒன்றே முக்காற் சுற்றில் வைத்து, புதுப் பெற்றோல் ஒரு லீற்றர் விட்டதும், மூன்றாவது உதையில் வண்டி பேசிற்று. ஆனால் இரண்டு நிமிடத்தில் மீண்டும் நின்றுவிட்டது! அண்ணை தாங்கியின் மூடியைத் திறந்தார்; "புஸ்" என்று காற்று உள்ளே போயிற்று. மீண்டும் ஓடிற்று. மூடியிலுள்ள காற்றுத் துளையிற் குளவி மண் வைத்திருந்தது. காற்று உள்ளே வராவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. பால் ரின்னில் ஒரு துளை மாத்திரம் போட்டாற் பால் வராததை எண்ணிப் பாருங்கள். குளவிக்கு எமது வண்டி நல்லதொரு வீடாய் இருந்திருக்கின்றது.

வண்டி சொல்லும் குறிகளைச் சிறிது அறிந்திருந்தால் எதனைத் திறப்பதென்று தெரியும். சொக்கை இழுத்தால் ஓடி, சொக்கை விட்டவுடன் நின்றால் பைலட் ஜெற் அடைபட்டிருக்கின்றது. மெதுவாக நன்றாய் ஓடி, முறுக்கும்போது மூச்சு வாங்கினால் மெயின் ஜெற்றையோ தாங்கிக் குழாயின் வடியையோ பார்க்க வேண்டும். அடிக் குழாயால் பெற்றோல் ஒழுகினால் ஊசி வால்விற் பிசின் பிடித்துள்ளது. அப்பொழுது எஞ்சின் எண்ணெயையும் மணந்து பார்த்தல் அவசியம். அதிற் பெற்றோல் மணந்தால் எண்ணெயை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

வருமுன் காப்பது இவ்வளவு கடினமன்று. ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகின்றதென்றால், குழாயை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கிண்ணத்திலுள்ளது தீர்ந்து தானாக நிற்கும். பின் அடித் திருகாணியைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். இரும்புத் தாங்கியாயின் கழுத்துவரை நிரப்பி வைக்கலாம். ஈரம் புகக் காற்றுக்கு இடமில்லை. நெடுங்காலமாயின் முற்றாக வெறுமையாக்குவதே மேல். பெற்றோல் கெடாது காக்கும் மருந்துத் திரவங்கள் சில விற்கப்படுகின்றன. அவற்றைப் புதுப் பெற்றோலிற் கலந்து, காபரேற்றருக்கும் போய்ச் சேரும்படி பத்து நிமிடம் ஓட்டவேண்டும். கெட்ட பெற்றோலை அவை திருத்தமாட்டா. தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் வைத்திருப்போர், நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிட்டால் அடுத்த முறை கயிறு இழுத்துத் தோள் நோகாது.

இவை யாவற்றிலும் எளிய வழி ஓட்டுவதே. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை, இருபது நிமிடமாவது வீதியில் ஓட்டவேண்டும். முற்றத்தில் இரண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதாற் பயனில்லை. உள்ளே ஈரம் படிந்து எண்ணெய் கெடுவதே மிச்சம்.

இப்பொழுது ஞாயிறு விட்டு ஞாயிறு அம்மா பின்னால் ஏறிச் சந்தைக்குப் போய் வருகின்றார். கிளினிக் நாளிலும் அதுவே வாகனம். சாரம் கொடிக்குத் திரும்பிவிட்டது. அண்மையில் அண்ணன் தொலைபேசியில் வண்டியைப் பற்றி விசாரித்தபோது, அம்மா எம்மிடமிருந்து வாங்கிப் பேசினார். "பின் ரயர் தேயத் தொடங்கீற்றுது தம்பி, காசு அனுப்பு," என்றார்.